பினாங்குச் சாலையில் சைக்கிளும் காடியும்: புதிதாக வந்தவர்களுக்கு

இந்தத் தீவுக்குப் புதிதாக வந்து சைக்கிள் வாங்கியவர்களுக்கும், புதிதாக உரிமம் எடுத்துக் காடி ஓட்டத் தொடங்கியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்களும் மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “இந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டலாமா?” ஓட்டலாம். நான் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். வாரநாளில் காடி, சனி ஞாயிறு சைக்கிள். இரண்டு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. பக்கத்தில் வருகிறவர் அடுத்த நொடி என்ன செய்யப்போகிறார் என்பது முன்பே தெரிந்துவிட்டால் பெரும்பாலான மோதல்கள் நடக்கவே நடக்காது. கீழே சொல்லும் எல்லாமே அதற்கான பழக்கங்கள்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இங்கே காரைக் காடி என்போம், மோட்டார் சைக்கிளை வெறும் மோட்டார் என்போம். கூட வரும் நண்பர் பின்னாலிருந்து “மோட்டார், மோட்டார்!” என்று கத்தினால், மோட்டார் சைக்கிள் ஒன்று உங்களை ஒட்டி நுழைகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள். தலை திரும்பும் பக்கம் சைக்கிளும் சாயும். கோடு மாறாமல் நேராகப் போங்கள், அவர் கடந்துவிடுவார்.

1. வெளிச்சத்தில் தொடங்குங்கள்

ஊரில் ஆறு மணிக்கெல்லாம் விடிந்து பழகியவர்களுக்கு இங்கே காலை நேரம் ஏமாற்றும். தீபகற்ப மலேசியா 1982 முதல், கிழக்கே தள்ளி இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு தன் கடிகாரத்தைச் சேர்த்துக்கொண்டது. அதனால் பினாங்கில் சூரியன் வெளியே வர ஏழு மணி ஆகிவிடும், சில மாதங்களில் ஏழரையே ஆகும். பள்ளிப் பேருந்தும் தொழிற்சாலைப் பேருந்தும் அதுவரை காத்திருப்பதில்லை. ஆறரைக்குச் சாலை நிறைந்திருக்கும், இருட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டும் இல்லாமல் ஏழு மணிக்கு முன்பு வெளியே வராதீர்கள். முன்விளக்கைக் கொஞ்சம் தரையைப் பார்த்தபடி சாய்த்து வையுங்கள். எதிரில் வருகிறவர் கண்ணில் குத்தினால் அவருக்கு நீங்கள் தெரிவதற்குப் பதிலாகக் கண் கூசும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கணுக்காலில் கட்டும் ஒளிப்பட்டை. மிதிக்கும்போது அது மேலும் கீழும் ஆடுவதால், தூரத்திலிருந்தே ‘இது சைக்கிள்’ என்று காடி ஓட்டுகிறவருக்குப் புரிந்துவிடும். முதுகில் போடும் பளபள சட்டையைவிட எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை.

பிரேக் இரண்டும் பிடிக்கிறதா, காற்று இருக்கிறதா, சங்கிலி தொங்குகிறதா என்று கிளம்பும்முன் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால், அவன் தன் சைக்கிளை என்ன செய்து வைத்திருக்கிறான் என்றும் போய்ப் பாருங்கள். பிரேக்கைக் கழற்றிவிட்டு வேகத்துக்காக மாற்றும் சைக்கிளை இங்கே ‘பாசிக்கல் லாஜாக்’ என்பார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அப்படிப்பட்ட சைக்கிள்களோடு அதிகாலை மூன்று மணி வாக்கில் சாலையில் இருந்த 8 பிள்ளைகள் காடி மோதி இறந்துபோனார்கள். எல்லாரும் பதின்ம வயதினர். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

2. எந்தச் சாலை

பினாங்குப் பாலம் 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். இரண்டாம் பாலம் 2014இல் திறந்தது, 24 கிலோமீட்டர். இரண்டிலும் மோட்டார் போகலாம், சைக்கிள் போகக்கூடாது. எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் பக்கம் போக வேண்டுமென்றால் ஃபெரிதான் வழி, சைக்கிளோடு ஏறலாம்.

ஜார்ஜ்டவுன் பழைய நகரத்துக்குள் வண்டிகள் மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒருவழித் தெருக்கள் நிறைய. ‘சைக்கிள்தானே’ என்று எதிர்த்திசையில் நுழையாதீர்கள். சந்திலிருந்து வெளியே வரும் காடிக்காரர் வண்டி வரும் திசையை மட்டும்தான் பார்ப்பார். மறுபக்கத்திலிருந்து நீங்கள் வருவது அவர் கணக்கிலேயே இல்லை. அவசரமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு உள்ள நடைபாதையான அஞ்சடியிலும் ஓட்ட வேண்டாம். அது நடக்கிறவர்களின் இடம், தூண் மறைவிலிருந்து பாட்டிமார் திடீரென்று வெளியே வருவார்கள்.

பத்து ஃபெரிங்கி சாலை பார்க்க அழகு. ஆனால் வளைவுகள் அதிகம், பல இடங்களில் ஓரமே இல்லை. முதல் மாதம் அங்கே போக வேண்டாம். பாலிக் பூலாவ் வயல்வெளிகள் அதைவிடப் பொறுமையான இடம். காடியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் அங்கே பழகுங்கள்.

3. சாலையில் எங்கே ஓட்டுவது

புதியவர்கள் அத்தனை பேரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயத்தில் சாலையின் விளிம்பை ஒட்டியே ஓட்டுவார்கள். அதுதான் ஆபத்தான இடம். பினாங்கில் விளிம்பு என்றால் திறந்த கால்வாய், கால்வாய் மேல் போட்ட இரும்புச் சட்டம், அதன் இடைவெளியில் சிக்கும் டயர், உடைந்த கண்ணாடி, மழை அடித்துக்கொண்டு வந்த மணல். இவை ஒவ்வொன்றையும் தவிர்க்க நீங்கள் வலதுபக்கம் ஒடிப்பீர்கள். பின்னால் வருகிறவருக்கு அது முன்னறிவிப்பே இல்லாத ஒடிப்பு.

விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி ஒரே நேர்கோட்டில் ஓட்டுங்கள். பள்ளம் வந்தால் சற்றே இடதுபக்கம் ஒதுங்க உங்களுக்கு இடம் மிச்சமிருக்கும். காடிகள் வரிசையாக நிறுத்தியிருக்கும் தெருவில், ஒரு கதவு முழுசாகத் திறந்தால் படாத தூரத்தில் போங்கள். இரண்டு காடிக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறதென்று உள்ளே போய் மறுபடி வெளியே வராதீர்கள். அப்படிப் போனால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தெரிவீர்கள்.

சாலை மிகக் குறுகினால், அதாவது ஒரு காடி உங்களைப் பாதுகாப்பாகக் கடக்கவே முடியாத இடத்தில், தடத்தின் நடுவுக்கு வாருங்கள். நடுவில் வந்தால் திட்டுவார்களே என்று கேட்பீர்கள். சிலர் திட்டத்தான் செய்வார்கள். ஆனால் ஓரத்தில் போனால் ‘இடம் இருக்கிறது’ என்று நம்பி நெருக்குவார்கள். அகலமான இடம் வந்ததும் இடதுபக்கம் ஒதுங்கி, கையசைத்து அவரைப் போகவிடுங்கள். அந்தக் கையசைப்பை விட்டுவிடாதீர்கள். பின்னால் இருபது நொடி பொறுமையாக வந்தவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

அப்புறம் மோட்டார். சாலையின் இடதுபக்கத்தில் சைக்கிளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காடி இல்லை, மோட்டார்தான். சில இடங்களில் எதிர்த்திசையிலேயே ஓரமாக வருவார்கள். நீங்கள் கோட்டில் உறுதியாக இருந்தால் அவர்கள் சுற்றிப் போவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒதுங்கினால்தான் மோதல். கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொள்வது நல்லது. காதில் பாட்டு வேண்டாம், மோட்டார் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

4. கையால் பேசுங்கள்

வலதுபக்கம் திரும்ப வலது கை, இடதுபக்கம் திரும்ப இடது கை, தோள் உயரத்துக்கு நேராக நீட்டி. நிற்கப்போகிறீர்கள் என்றால் உள்ளங்கை கீழே பார்க்க மெதுவாக அசையுங்கள். முதலில் திரும்பிப் பாருங்கள், பிறகு கை, பிறகுதான் திருப்பம். கையை நீட்டிக்கொண்டே திரும்பினால் அது தகவல் ஆகாது.

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் உள்சாலையில் அரைமணி நேரம் ஒற்றைக் கையால் ஓட்டிப் பழகாமல் பெரிய சாலைக்கு வரக்கூடாது. நான் யாரைக் கூட்டிப் போனாலும் இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

5. சந்திப்புகளும் லோரியும்

சமிக்ஞை விளக்குச் சந்திப்புகளில் இடதுபக்கம் தனியாகப் பிரிந்து போகும் தடம் பல இடங்களில் உண்டு. நேராகப் போகிற நீங்கள் வழக்கம்போல் இடது ஓரத்தில் இருந்தால், இடப்பக்கம் திரும்பும் காடி உங்களைக் குறுக்கே வெட்டும். சந்திப்புக்கு நாற்பது ஐம்பது மீட்டருக்கு முன்பே பின்னால் பார்த்து, கை காட்டி, நேராகப் போகும் தடத்துக்கு மாறிவிடுங்கள்.

பெரிய சாலையில் வலதுபக்கம் திரும்ப வேண்டுமா? மூன்று தடம் தாண்டி வலப்பக்கம் போக முயல வேண்டாம். நேராகச் சந்திப்பைக் கடந்து, அந்தப் பக்க இடது மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி, அடுத்த பச்சைக்குக் கடங்கள். அல்லது இறங்கி, நடக்கிறவர்களோடு நடந்து கடங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சிவப்பில் நில்லுங்கள். காலை ஆறரைக்கு யாருமே இல்லாவிட்டாலும் நில்லுங்கள். சிவப்பைத் தாண்டும் ஒரு சைக்கிளைப் பார்த்த காடிக்காரர், அடுத்து வரும் பத்து சைக்கிளையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார்.

லோரியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. என் அண்ணன் ஐந்து டன் லோரி ஓட்டுகிறார். ஒருநாள் வீட்டுக்கு முன்னால் லோரி நின்றிருந்தபோது என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார். என் சைக்கிளை இடதுபக்கக் கதவை ஒட்டி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “இப்ப சொல்லு, உன் சைக்கிள் எங்க இருக்கு?” என்றார். இடது கண்ணாடியில் பார்த்தேன். லோரியின் பக்கப் பலகையும் எதிர்வீட்டு வேலியும் தெரிந்தன. எட்டிப் பார்த்தேன், முன்கண்ணாடி வழியாகத் தெருவிளக்குக் கம்பம் தெரிந்தது. சைக்கிள் இல்லை. அவர் போய் மணியை அடித்தார். சத்தம் என் காலடியிலிருந்து வந்ததுபோல் கேட்டது, ஆனால் எதுவும் தெரியவில்லை. “நீ திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில போகாது, உள்ள இழுத்து வரும்,” என்று அண்ணன் தரையில் காலால் கோடு போட்டுக் காட்டினார். அவர் போட்ட கோடு என் சைக்கிளின் நடுவில் போனது.

அன்றிலிருந்து நிற்கும் லோரிக்கும் பேருந்துக்கும் இடதுபக்கம் நான் நுழைந்ததே இல்லை. நீங்களும் நுழையாதீர்கள். விளக்கில் லோரி நின்றால் அதன் பின்னாலேயே நில்லுங்கள், ஓட்டுநரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும்படி. அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்திலும் இதேதான். பின்னால் பொறுங்கள், ஆள் இறங்கி ஏற எத்தனை நேரம் ஆகிவிடும்?

6. காடி ஓட்டுகிறவர்களுக்கு

இந்தப் பகுதியை ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குவீன் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளிக் காடியை நிறுத்தினேன். கைப்பேசியில் ஏதோ பார்த்தபடியே வலது கையால் கதவைத் திறந்தேன். டப்பென்று ஒரு சத்தம். சைக்கிளில் பூ கொண்டுபோன ஒரு பெரியவர் சாலையின் நடுவில் விழுந்து கிடந்தார். பின்னால் வந்த வேன் இரண்டடி தள்ளி நின்றது. வாழையிலையில் சுற்றியிருந்த மல்லிகைச் சரம் பிரிந்து தார்மேல் நீளமாகக் கிடந்தது. அவருடைய முழங்கையிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். “கண்ணாடியப் பாத்துட்டுத் தொறக்கக் கூடாதாம்மா?” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே போனேன். என் கதவின் விளிம்பில் அவருடைய பிரேக் கைப்பிடி கீறிய கோடு இன்னும் இருக்கிறது. நான் பெயின்ட் அடிக்கவில்லை.

அன்றிலிருந்து இடது கையால்தான் கதவைத் திறக்கிறேன். செய்து பாருங்கள்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து இடது கையை நீட்டி வலப்பக்கக் கதவின் பிடியைப் பிடித்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பக்கக் கண்ணாடிக்கும் அதைத் தாண்டிப் பின்னாலும் போகும். இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரம் மறந்து மறந்து செய்வார்கள், அப்புறம் கை பழகிவிடும்.

கடப்பதற்கு வருவோம். சைக்கிளுக்கும் உங்கள் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே 1.5 மீட்டர் விடுங்கள். ஒரு ஆள் கையை முழுசாக நீட்டி, இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இரண்டு பேருந்து நீளம் ஓடிவிடும். பக்கத்தில் உரசிப் போகும் காற்றே சைக்கிளைத் தள்ளும், சைக்கிள்காரர் பள்ளத்துக்கு ஒதுங்கவும் இடம் இராது.

சைக்கிளைக் கடந்த உடனே இடதுபக்கம் திரும்பாதீர்கள். பத்து விநாடி சேமிக்க நினைத்து முன்னால் போய் வெட்டுவதைவிட, நீங்கள் திரும்ப வேண்டிய இடத்தை அவர் தாண்டும்வரை பின்னால் இருந்துவிட்டுத் திரும்புங்கள். சைக்கிள் மெதுவாகத்தான் வரும் என்று நினைப்பதும் தவறு. நல்ல ஓட்டக்காரர் சமதரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருவார்.

ஹாரன் விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டும். அங்கே ஹாரன் ‘நான் வருகிறேன்’ என்று சொல்வது. இங்கே ஹாரன் என்றால் திட்டுவது. சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து அடித்தால் அவர் பதறி ஒடிப்பார். அவருக்கு நீங்கள் வருவது ஏற்கெனவே கேட்கிறது. விளக்கை மின்னுவதும் குழப்பம்தான். ஒருவர் ‘நீங்க போங்க’ என்று மின்னுவார், இன்னொருவர் ‘நான் வர்றேன், நில்லு’ என்று மின்னுவார். சைக்கிளில் இருப்பவர்கள் அதை நம்பிக் கடக்க வேண்டாம். வண்டி உண்மையிலேயே மெதுவாகிறதா என்று சக்கரத்தைப் பாருங்கள்.

“சாலை வரி கட்டாதவங்களுக்கு ரோட்டுல என்ன வேலை?” என்ற பேச்சைக் காப்பிக்கடைகளில் கேட்டிருக்கிறேன். சாலை வரி என்பது இயந்திரத்தின் அளவைக் கணக்கிட்டுப் போடுவது. சைக்கிளில் இயந்திரம் இல்லை. அதை மிதித்துப் போகிற பெரியவர் வீட்டிலும் வரி கட்டிய மோட்டார் ஒன்று நிற்கலாம்.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். 2012இல் அங்கே சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் வாடகைச் சைக்கிளோடு நடுத்தெருவில் நிற்பார்கள். அவர்களில் பலர் நாம் இடதுபக்கம் ஓட்டுவதற்கே பழகாதவர்கள். திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவும் அங்கே உண்டு. பினாங்குத் திரிஷாவில் பயணி முன்னால் உட்கார்ந்திருப்பார், ஆகவே நெருங்கி நின்றால் முதலில் அடிபடுவது அவர் முழங்கால்.

7. மழையும் தைப்பூசமும்

சில நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் பத்து நிமிடம் மோசமானது. தார்மேல் ஊறிய எண்ணெய் மேலே வரும். சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் சோப்புப்போல் வழுக்கும். அதன்மேல் பிரேக் போடாதீர்கள், திரும்பவும் வேண்டாம். தண்ணீர் தேங்கிய இடத்தில் கால்வாய் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இறங்கி அஞ்சடியில் நின்றுவிடுங்கள். காடிக்காரர்கள் தேங்கிய தண்ணீரில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தச் சேற்றுத் தண்ணீர் சைக்கிள்காரர் முகத்தில் அடித்தால் சில நொடி அவருக்குக் கண்ணே தெரியாது.

தைப்பூசத்தின்போது முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சைக்கிளில் போக வேண்டாம், நடந்து போங்கள். ரதம் போன வழியில் அடுத்த சில நாளைக்கும் கவனம் தேவை. தேங்காய் உடைத்த இடங்களில் எவ்வளவு கூட்டினாலும் சிரட்டைத் துண்டு ஓரத்தில் கிடக்கும், டயரைக் கிழித்துவிடும்.

8. விபத்து நடந்துவிட்டால்

முதலில் இன்னொரு வண்டி வந்து இடிக்காதபடி யாராவது ஒருவர் பின்னால் நின்று கையசைக்க வேண்டும். விழுந்தவர் கழுத்து வலி என்றால் தூக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், சாலையின் பெயரோடு பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ கடையோ எதையாவது சேர்த்துச் சொல்லுங்கள். மோதிய வண்டியின் ஓட்டுநர் நின்று உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சைக்கிளில் வந்தவரும் தன் பங்குக்குப் புகார் கொடுத்துவிடுவது நல்லது. அன்றைக்கு ‘ஒண்ணுமில்லை’ என்று தோன்றும் முதுகு மூன்றாம் நாள் வலிக்கும், அப்போது கையில் ஒரு தாளும் இருக்காது. வண்டிப் பதிவெண், இரண்டு வண்டியும் கிடக்கும் நிலை, தரையில் உள்ள கோடு எல்லாவற்றையும் நகர்த்தும்முன் படம் எடுங்கள். சாலையிலேயே பணம் பேசி முடிக்க வேண்டாம்.

விழுந்த சைக்கிளைக் கடையில் காட்டாமல் மறுபடி ஏறாதீர்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் வெளியே தெரியாது. தலைக்கவசம் தரையில் பட்டிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும், வேறு வாங்கிவிடுங்கள்.